உகுலேலேயில் சோகப் பாட்டு: ஏன் குதூகலமாகக் கேட்கிறது, எப்படி மீட்ட வேண்டும்

கேள்வி இதுதான்: கிதார் போன்ற சிறிய நாலு கம்பி வாத்தியமான உகுலேலேயில் சி, ஏ மைனர், எஃப், ஜி என்ற நாலு கார்டும் (பல சுரம் சேர்ந்து ஒலிக்கிற பிடிகள்) தடுமாறாமல் மாற்ற வருகிறது. "கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல்" என்று எல்லா வீடியோவிலும் சொல்லித் தருகிற ஸ்ட்ரம்மும் (கம்பிகளை ஒன்றாக மீட்டுகிற முறை) கைக்கு வந்துவிட்டது. ஆனால் மெதுவான சோகப் பாட்டு எதை எடுத்தாலும் சுற்றுலா பஸ்ஸில் பாடுகிற பாட்டு மாதிரியே கேட்கிறது. இதற்கென்று தனி ஸ்ட்ரம்மிங் இருக்கிறதா?

இருக்கிறது, கீழே தருகிறேன். ஆனால் வேறு பேட்டர்ன் மாற்றினால் மட்டும் சரியாகிவிடாது. உகுலேலேயில் சோகம் வருவது, அடித்த கார்டை அடங்க விடுகிற இடத்தில்தான். அந்த இடைவெளியை விட முடியாமல் கை நிரப்பிக்கொண்டே போவதுதான் பெரும்பாலானவர்களின் சிக்கல். அதற்கு வாத்தியத்திலேயே ஒரு காரணம் உண்டு.

வாத்தியத்தை மடியில் வைத்துப் பாருங்கள். கூரையைப் பார்த்திருக்கிற கம்பி ஜி, அடுத்து சி, இ, தரைப் பக்கம் ஏ. வழக்கமான ட்யூனிங்கில் ஜி 392 ஹெர்ட்ஸ், சி 261.6, இ 329.6, ஏ 440. அதாவது மேலே இருக்கிற ஜி தடித்த மந்திரக் கம்பி அல்ல; ஏ-வுக்கு அடுத்தபடி உயரமான கம்பி அதுதான். கிதாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸில் முழங்குகிறது. இங்கே இருப்பதிலேயே தாழ்ந்த சி-யே 261-ல்தான் ஆரம்பிக்கிறது. கிதாரில் ஒரு கீழ்வீச்சு விழுந்தால் முதலில் அடித்தளம், பிறகு மேல் சுரங்கள். உகுலேலேயில் உயரம், தாழ்வு, நடு, உயரம் என்று ஒரு கொத்தாக விழும். பெட்டி சிறியது, நைலான் அல்லது ஃப்ளூரோகார்பன் கம்பி, ஆகவே ஒலி சீக்கிரம் மெலியும். நிமிடத்துக்கு 60 தட்டு வேகத்தில் நாலு தட்டுச் சுற்று ஒன்றுக்கு 4 விநாடி. வழக்கமான அளவுகளில் சிறியதான சோப்ரானோவில் மென்மையாக மீட்டிய கார்ட் அதில் பாதி தூரம் போவதற்குள் தேய ஆரம்பித்துவிடும். அந்த மௌனம் வந்ததும் பதறிப்போய் ஒரு மேல்வீச்சு போடுகிறோம், பிறகு இன்னொன்று. பாட்டு துள்ள ஆரம்பிப்பது அங்கேதான்.

"மைனர் கார்ட் போட்டால் சோகம் வந்துவிடும்" என்ற நம்பிக்கையையும் இப்போதே ஒதுக்கி வைக்கலாம். இந்த வாத்தியம் பிறந்த ஹவாயின் மிகப் புகழ்பெற்ற பிரிவுப் பாடல் "அலோஹா ஓயே". பின்னாளில் அரசியான லிலியுவோகலானி 1878-ல் எழுதியது. அதன் பல்லவியைச் சி சுருதியில் எடுத்தால் எஃப், சி, ஜி செவன், சி. முழுக்க மேஜர், ஒரு மைனர்கூட இல்லை. அதே நாலு கார்டைத் துள்ளலாக அடித்தால் விருந்துப் பாட்டு, தளர்த்தி மீட்டினால் விடைபெறும் பாட்டு. ஆகவே முதலில் வலது கை.

வீடியோக்களில் வருகிற அந்த ஸ்ட்ரம்மில் மூன்றாவது தட்டு காலியாக இருக்கும். அதற்குப் பின்னால் வருகிற மேல்வீச்சு எகிறிக் குதிக்கும். ஆடவைக்கிற விஷயமே அந்தக் காலித் தட்டுதான். அதையே மெதுவாக அடித்தால் சோகமாகாது, சோர்வான குத்துப்பாட்டுதான் ஆகும். சோகப் பாட்டுக்கு ஒன்றாம் தட்டும் மூன்றாம் தட்டும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும்.

எங்கே மீட்டுவது: ஒலித்துளைக்கு மேலே அல்ல. கழுத்து உடலோடு சேருகிற இடத்தில், சோப்ரானோவாக இருந்தால் பன்னிரண்டாம் ஃப்ரெட்டை (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிக் கட்டை) ஒட்டி. பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைக் கட்டியிருக்கிற கட்டை) பக்கம் போகப் போக ஒலி கூர்மையாகும், கழுத்துப் பக்கம் வர வர உருண்டையாகும். இரண்டு இடத்திலும் ஒரே கார்டை ஒருமுறை மீட்டிப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

எதனால் மீட்டுவது: ஆள்காட்டி விரல் நகம் இறங்கினால் சளீரென்று இருக்கும். அதை உச்சகட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற இடமெல்லாம் கட்டைவிரலின் சதைப்பகுதி. நகம் கம்பியில் படாத கோணத்தில், விரல் நுனியால் குத்தாமல் பக்கவாட்டுச் சதையால் வழித்து இறக்க வேண்டும். நாலு கம்பியும் ஒரே சமயத்தில் ஒலிக்கவேண்டியதில்லை. ஜி, சி, இ, ஏ என்று தனித்தனியாகக் காதில் விழுகிற அளவுக்கு மெதுவாக இறங்கலாம். இப்படி வழிக்கும்போது பலர் முதலில் படுகிற ஜி கம்பியைத் தட்டில் வைத்து, ஏ கம்பியைத் தட்டுக்குப் பின்னால் விட்டுவிடுகிறார்கள். பாட்டு இழுத்துக்கொண்டே போவதுபோல் இருக்கும். ஏ கம்பி தட்டில் விழவேண்டும், ஆகவே கட்டைவிரல் ஒரு மயிரிழை முன்னாலேயே புறப்பட வேண்டும். மெட்டை ஒட்டிய உயர்ந்த சுரம் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கம்பியில்தான் இருக்கும்.

மேல்வீச்சு: இதில் தாராளம் கூடாது. கை ஏறும்போது முதலில் படுவது ஏ கம்பி. நாலையும் தொட்டால் பளிச்சென்று ஒரு மின்னல் வரும். ஏ, இ இரண்டை மட்டும், அதுவும் விரல் தற்செயலாகப் பட்டதுபோல் தொட்டால் போதும்.

இனி பேட்டர்ன். எண்ணிக்கைக்கு நம் சொற்கட்டையே எடுத்துக்கொள்வோம்: த-க-தி-மி த-க-ஜு-னு. எட்டு அசை, நாலு தட்டு. தட்டு விழுவது த, தி, த, ஜு மேல். கை ஒவ்வொரு தட்டுக்கும் இறங்கி, அடுத்த அசைக்கு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். கம்பியைத் தொடுவது மட்டும் தேர்ந்தெடுத்த இடங்களில். இதைத்தான் பலர் செய்வதில்லை. ஒலி வேண்டாத இடத்தில் கையையே நிறுத்திவிடுகிறார்கள். நின்ற கை மறுபடி புறப்படும்போது அவசரப்படும், தாளம் முன்னே ஓடும்.

முதல் வாரம் ஒன்றாம் தட்டில் மட்டும் ஒரு கீழ்வீச்சு, மீதி மூன்று தட்டும் கை காற்றில். மெட்ரோனோம் (தாளத்துக்குச் சொடுக்குகிற கருவி) 60. கேட்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும், ஆனால் மொத்தப் பயிற்சியில் கடினமானது இதுதான்.

அது நிலைத்ததும் இந்த அமைப்பு: முதல் த-வில் முழுக் கீழ்வீச்சு. க, தி, மி மூன்றும் வெறும் கை. இரண்டாவது த-வில் பாதி பலத்தில் கீழ்வீச்சு, ஜி, சி, இ மூன்று கம்பி போதும். க வெறும் கை. ஜு-வில் மெல்லிய கீழ்வீச்சு, னு-வில் ஏ, இ கம்பியை உரசும் மேல்வீச்சு. சுற்றின் முன்பாதி கிட்டத்தட்ட காலி. பின்பாதியில் சின்ன அசைவு வந்து அடுத்த கார்டுக்குக் கொண்டுபோய் விடும். நிமிடத்துக்கு 60-லிருந்து 75 வரையிலான பெரும்பாலான பாட்டுக்கு இது ஒன்றே தாங்கும். இதற்கு மேல் பேட்டர்ன் சேகரிப்பது நேர விரயம் என்பது என் கருத்து.

பாட்டு ஆறெட்டில் இருந்தால், அதாவது தகிட தகிட என்று நடந்தால், கதை வேறு. பழைய பாணிச் சோகப் பாட்டுகளில் பல இந்த நடைதான். இங்கே கீழ்-மேல்-கீழ்-மேல் என்று அசைக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் போனால் நாலாவது அசை, இரண்டாவது தகிடவின் த, மேல்வீச்சில் மாட்டிக்கொள்ளும். அழுத்தம் வரவேண்டிய இடத்தில் ஒலி மெலிந்து, நடையே நொண்டும். அதற்குப் பதில் ஒவ்வொரு தகிடவுக்கும் கை ஒருமுறை இறங்கி ஒருமுறை ஏறட்டும்: த-வில் இறக்கம், ட-வில் ஏற்றம். ஒலிப்பது முதல் த முழுதாக, இரண்டாவது த மென்மையாக, கடைசி ட-வில் ஒரு சின்ன மேல்வீச்சு. மூன்றே தொடுதல். மீட்டுவதற்குப் பதில் விரலால் பிரித்து வாசிக்க ஆசையிருந்தால் கட்டைவிரல் ஜி-க்கு, ஆள்காட்டி சி-க்கு, நடுவிரல் இ-க்கு, மோதிர விரல் ஏ-க்கு என்று அமர்த்திவிட்டு சி, ஜி, இ, ஏ, இ, ஜி என்ற வரிசையில் ஆறு அசையையும் நிரப்பலாம். தாழ்ந்த சி-யில் தொடங்குவதால் இருக்கிற கொஞ்ச அடித்தளமும் தட்டின் மேல் விழும்.

இடது கைக்கு வருவோம். ஏ மைனரில் நிற்கிற சோகப் பாட்டுகளில் ஒரு சுரம் படிப்படியாக இறங்குகிற அமைப்பு அடிக்கடி வரும். உகுலேலே அதற்கென்றே செய்த மாதிரி அமைந்திருக்கிறது. ஃப்ரெட் எண்களை ஜி-சி-இ-ஏ வரிசையில் தருகிறேன்; 0 என்றால் விரல் வைக்காத திறந்த கம்பி.

2-0-0-0 ஏ மைனர். நடுவிரலை எடுத்து ஆள்காட்டியை வையுங்கள்: 1-0-0-0. அதையும் எடுங்கள்: 0-0-0-0. இப்போது நடுவிரல் ஜி-யின் இரண்டில், மோதிர விரல் இ-யின் இரண்டில்: 2-0-2-0. மோதிர விரலை எடுத்து ஆள்காட்டியை இ-யின் ஒன்றில்: 2-0-1-0, நமக்குத் தெரிந்த எஃப். கடைசியாக 1-2-0-2, இ செவன். ஜி கம்பியில் 2, 1, 0. தொடர்ந்து இ கம்பியில் 2, 1, 0. ஏ, ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப், எஃப், இ என்று ஆறு சுரம் ஒரே ஸ்தாயியில் இடைவெளியில்லாமல் இறங்குகிறது. முதல் நாலுக்கும் ஒவ்வொரு சுற்று, எஃப்-க்கு இரண்டு, இ செவனுக்கு இரண்டு என்று வைத்தால் எட்டுச் சுற்றில் ஒரு வரி முடியும்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இரண்டாவது கார்டில் ஜி கம்பி தருவது 415 ஹெர்ட்ஸ் ஜி ஷார்ப், பக்கத்தில் ஏ கம்பி திறந்தபடி 440. அரைச் சுர இடைவெளியில் இரண்டும் ஒரே ஸ்தாயியில் மோதிக்கொள்ளும். கிதாரில் இவ்வளவு உறுத்தாது, அங்கே இறங்குகிற சுரம் பெரும்பாலும் கீழ் ஸ்தாயியில் இருக்கும். இங்கே சுரீரென்று கேட்கும். பாட்டின் வரி அந்தக் குத்தலைக் கேட்கிறதென்றால் அப்படியே விடுங்கள். வேண்டாமென்றால் அந்த ஒரு சுற்றில் மட்டும் கீழ்வீச்சை இ கம்பியோடு நிறுத்திவிடுங்கள். ஏ கம்பியைத் தொடாதீர்கள். மோதல் போய்விடும், இறக்கம் மட்டும் மிஞ்சும்.

கர்நாடக இசை கேட்ட காதுக்கு இன்னொரு வழியில் சொல்லலாம். ஏ-வை ஷட்ஜமாக வைத்தால் ஜி இருக்கிற வரை நடபைரவி. இ செவனில் ஜி ஷார்ப் நுழைந்ததும் கைசிகி நிஷாதம் காகலி நிஷாதமாகி கீரவாணி தலைகாட்டும். வரி முடிகிற இடத்தில் இ மைனர் (0-4-3-2) போடுவதா இ செவன் போடுவதா என்று குழப்பம் வந்தால் பாடுகிற மெட்டில் எந்த நிஷாதம் வருகிறது என்று பாருங்கள். மெட்டு ஒன்றும் கார்ட் ஒன்றுமாக இருந்தால் சுருதி விலகியதுபோலவே கேட்கும்.

சி மேஜர் பாட்டுக்கு இதே வேலையைச் செய்வது எஃப்-லிருந்து எஃப் மைனர் வழியாகச் சி. 2-0-1-0, பிறகு 1-0-1-3, பிறகு 0-0-0-3. எஃப் மைனரில் மோதிர விரல் ஏ-யின் மூன்றில் இருக்கும். சி-க்குப் போகும்போது அதை எடுக்கவே கூடாது, மற்ற இரண்டையும் மட்டும் தூக்குங்கள். ஒரு பாட்டில் ஒரே ஒரு இடத்தில், சரணத்தின் கடைசி வரியில் வைத்தால் போதும். ஒவ்வொரு வரிக்கும் போட்டால் அலுத்துவிடும்.

மெதுவான பாட்டில் கார்ட் மாற்றம் வேகப் பாட்டைவிடக் கடினம். அவகாசம் நிறைய இருக்கிறதே என்று தோன்றும், ஆனால் விரலை அரைத் தட்டு முன்னால் தூக்கினால் கார்ட் வெட்டுப்பட்டது அப்பட்டமாகத் தெரியும். ஒட்டிக்கொண்டிருக்கிற விரலைத் தூக்காமல் இருப்பதுதான் வைத்தியம்: ஏ மைனரிலிருந்து எஃப்-க்கு நடுவிரல் நகர வேண்டியதில்லை, ஆள்காட்டி மட்டும் சேரும்; அங்கிருந்து டி மைனருக்கு (2-2-1-0) இன்னொரு விரல் மட்டும் சேரும். எல்லா விரலும் நகர வேண்டிய மாற்றத்தில், மேலே சொன்ன னு-வின் மேல்வீச்சைத் திறந்த கம்பியிலேயே விட்டுவிடலாம். திறந்த ஏ-வும் இ-யும் பெரும்பாலும் உறுத்தாது, அந்த நொடியில் விரல்கள் இடம் மாறிவிடும்.

மென்மையாக மீட்டும்போது சுருதிப் பிழை ஒளிய இடமில்லை. புதுக் கம்பி முதல் ஒரு வாரம் இளகி இறங்கிக்கொண்டே இருக்கும்; ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் ட்யூன் பாருங்கள். ஏ மைனரில் ஜி கம்பியின் இரண்டாம் ஃப்ரெட்டும் திறந்த ஏ-வும் ஒரே சுரம், இரண்டையும் சேர்த்து மீட்டும்போது அலையடித்தால் ஏதோ ஒன்று விலகியிருக்கிறது. ட்யூனர் சரியென்று காட்டியும் கார்ட் கசந்தால், அழுத்தம் அதிகமாக இருக்கலாம். நைலான் கம்பியைத் தேவைக்கு மேல் நெரித்தால் சுரம் ஏறிவிடும். லேசாக அழுத்தியும் முதல் ஃப்ரெட்டில் மட்டும் 10 சென்ட்டுக்கு (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) மேல் ஏறினால் குற்றம் உங்களுடையதல்ல. நட்டில் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்குகிற கட்டை) கம்பி ஓடுகிற பள்ளம் ஆழம் போதவில்லை, வாத்தியம் பழுது பார்ப்பவர் அரத்தால் சில நிமிடத்தில் சரிசெய்வார். விலை குறைந்த சோப்ரானோக்களில் இது சகஜம்.

பாடிக்கொண்டே மீட்டுவதற்கு: கை சொற்களின் பின்னால் ஓடக்கூடாது. ஒரு சொல்லுக்கு நாலு அசை இருந்தால் நாலு வீச்சு போட ஆசை வரும். முதலில் வரிகளைப் பாடாமல், பேசுகிற குரலில், ஒற்றைக் கீழ்வீச்சுக்கு மேல் சொல்லிப் பழகுங்கள். சோகப் பாட்டு பலவற்றில் குரல் அனாகத எடுப்பாகத் தட்டுக்குப் பின்னால்தான் நுழையும். கார்ட் தட்டில் விழும், அது விரிந்த பிறகு சொல் வரும். குரல் தாமதிக்கலாம், இழுக்கலாம். கை அதோடு சேர்ந்து தாமதித்தால் பாட்டு கலைந்துபோகும். மெட்ரோனோம் 60-ல் ஓடுவது கடினமாக இருந்தால் 120-ல் வைத்து அசைக்கு ஒரு சொடுக்காகக் கேளுங்கள்; பிடிபட்ட பிறகு 60-க்கு இறக்குங்கள்.

பாட்டு முழுக்க ஒரே அளவில் வேண்டாம். முதல் சரணத்துக்குச் சுற்றுக்கு ஒரு வீச்சு. பல்லவியில் முழு அமைப்பு. இரண்டாம் சரணத்தில் மறுபடி ஒற்றை வீச்சுக்கு இறங்கப் பலருக்கு மனம் வராது, ஆனால் இறங்கினால்தான் கடைசிப் பல்லவிக்கு ஏற இடம் கிடைக்கும். நகத்தைக் கொண்டுவருவதென்றால் அந்தக் கடைசிப் பல்லவியில்தான்.

சுருதி குரலுக்கு ஒத்துவரவில்லையென்றால் கேப்போ (எல்லாக் கம்பியையும் ஒரு ஃப்ரெட்டில் அழுத்திப் பிடிக்கிற கவ்வி) போடுவதற்கு முன் யோசியுங்கள். ஏற்கெனவே குட்டையான கம்பி இன்னும் குட்டையாகி, ஒலி இன்னும் காய்ந்துபோகும். சோகத்துக்குக் கீழே இறக்குவதே நல்லது. சோப்ரானோவைவிடப் பெரிய கான்சர்ட், டெனர் அளவுகள் அரைச் சுரம் இறக்கியும் (எஃப் ஷார்ப், பி, டி ஷார்ப், ஜி ஷார்ப்) நன்றாகப் பேசும். டெனரில் ஒரு முழுச் சுரம்கூட இறக்கலாம். சோப்ரானோவில் அந்த அளவுக்குப் போனால் கம்பி தொளதொளத்து ஃப்ரெட்டில் அதிரும். பாரிட்டோன் கிடைத்தால் அது டி-ஜி-பி-இ, கிதாரின் கடைசி நாலு கம்பி; நீங்கள் பிடிக்கிற ஏ மைனர் வடிவம் அங்கே இ மைனராகத் தாழ்ந்து ஒலிக்கும்.

இருக்கிற வாத்தியத்திலேயே ஆழம் வேண்டுமென்றால் ஜி கம்பியை மட்டும் லோ ஜி-யாக மாற்றலாம். ஒரு ஸ்தாயி கீழே, 196 ஹெர்ட்ஸ். ஜி, சி, எஃப் கார்டுகளுக்கு நிஜமான அடித்தளம் வரும், விரலால் பிரித்து வாசிக்கவும் சுகம். ஆனால் மேலே சொன்ன ஆறு சுர இறக்கம் உடைந்துவிடும்: முதல் மூன்றும் கீழ் ஸ்தாயிக்குப் போய்விட, எஃப் ஷார்ப் திடீரென்று மேலே குதிக்கும். அந்த அமைப்பை நம்பி இருக்கிற பாட்டுக்கு வழக்கமான உயர் ஜி-யே மேல். லோ ஜி வாங்கும்போது கம்பி உலோக இழை சுற்றியதா சுற்றாததா என்று பாருங்கள். சுற்றியது விரல் நகரும்போது கீச்சிடும், மெதுவான பாட்டில் அது தனியாகக் கேட்கும். சுற்றாத ஃப்ளூரோகார்பன் கீச்சிடாது, ஆனால் தடிமன் கூடுதலாக இருப்பதால் நட்டின் பள்ளத்தில் முழுதாக உட்காராமல் போகலாம். அப்போது பள்ளத்தைக் கொஞ்சம் அகலப்படுத்த வேண்டும். அகலப்படுத்திய பிறகு பழைய மெல்லிய ஜி-க்குத் திரும்பினால் அது பள்ளத்துக்குள் ஆட வாய்ப்புண்டு, ஆகவே எந்த ஜி வேண்டும் என்று முடிவு செய்துவிட்டு அரத்தை எடுங்கள்.